ஊமைப் பட்டம்

முன்னொரு காலத்திலே, எவ்வளவு முன்னால் என்று கேட்டு என்னை மடக்காதீர்கள், பட்டம் கொடுப்பதில் பைத்தியமாக இருந்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் அளகேசர். சில ராஜாக்களுக்கு வேட்டைப் பைத்தியம், சிலருக்குக் கோட்டை கட்டுகிற பைத்தியம். இவருக்கு, கண்ணில் படுகிறவர் தலையில் பரிவட்டம் கட்டி, வாய் நிறைய ஒரு பட்டத்தைச் சொல்லி, அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ரசம் நன்றாக இருந்தால் சமையல்காரர் ‘அறுசுவைத் திலகம்’ ஆகிவிடுவார். சவரம் செய்யும்போது கீறல் விழாவிட்டால் நாவிதர் ‘வதனப் பேரொளி’. யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம்தானே என்று ஊரும் விட்டுவிட்டது.

அந்த நாட்டுக்கு ஒரு துறைமுகம் இருந்தது. கடல் தாண்டி வியாபாரிகள் வருவார்கள். ராஜாவின் கை சும்மா இருக்குமா? அவர்களுக்கும் பரிவட்டம் கட்டத் தொடங்கினார். அப்போதுதான் சபையில் முணுமுணுப்பு கிளம்பியது. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவனும் இன்று நமக்குச் சமமா என்று பெரிய மனிதர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ராஜாவுக்குச் சபையின் முகமும் மலர வேண்டும், வந்தவர் முகமும் மலர வேண்டும். யோசித்து யோசித்து ஓர் ஆணை போட்டார். ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள்.

“இதனால் சகலருக்கும் தெரிவிப்பது. வேற்று நாட்டவருக்குக் கொடுக்கும் பட்டத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. யாராவது சொன்னாலும் பட்டம் வாங்கியவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் பட்டம் போய்விடும், அடுத்த கப்பலில் அவரும் போய்விட வேண்டும்.”

இதில் பெரிய சங்கடம் கட்டியக்காரர் சங்கிலிக்குத்தான். சபைக்குள் ஒருவர் நுழையும்போது கோலைத் தூக்கி அவருடைய பட்டத்தை முழங்குவது அவர் வேலை. வேற்று நாட்டவர் நுழைந்தால் என்ன செய்வது? ராஜாவிடமே கேட்டார். “கோலைத் தூக்கு, மூச்சை இழு, வாயைத் திற. பட்டம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் திறந்து வைத்துவிட்டு மூடிக்கொள். சத்தம் மட்டும் வரக் கூடாது” என்றார் ராஜா. அன்றிலிருந்து அதற்கு ஊமைப் பட்டம் என்று பெயர். சங்கிலி வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். அவர் மனைவி பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தச் சபையில் பட்டமே இல்லாத ஆள் ஒருவன் இருந்தான். அவன்தான் விகடகவி பிச்சாண்டி. ராஜா எத்தனையோ தடவை கொடுக்கப் பார்த்தார். “வேண்டாம் பிரபு. வீட்டில் என்னைத் திட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் என் மனைவிக்கு மூச்சு வாங்கும்” என்று நழுவிவிட்டான்.

சரி, இப்போது குதிரைக்கு வருவோம்.

நம் ராஜாவுக்குக் குதிரை என்றால் உயிர். அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக வரவழைப்பார். வந்த குதிரைகள் நன்றாக இருக்க வேண்டுமே என்ற பாசத்தில் தாம் சாப்பிடுவதையே அவற்றுக்கும் போடச் சொன்னார். நெய்ச் சோறு, வெல்லம், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல், மேலே முந்திரிப் பருப்பு. குதிரைகள் வயிறு ஊதிப் படுத்துவிட்டன. கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். அந்தப் பூசணிக்காயையும் கொண்டுபோய்க் குதிரைக்கே வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயம் குதிரைக் கப்பலோடு வந்தவர் ஹாரூன். குதிரை வைத்தியம் தெரிந்தவர். லாயத்துக்குள் நுழைந்தார், நெய் மணத்தை முகர்ந்தார், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து சோற்றை நிறுத்தினார். புல்லும் ஊறவைத்த கொள்ளும் வைத்தார், காலையும் மாலையும் கடற்கரையில் நடத்திக் கூட்டிப் போனார். குதிரைகள் எழுந்து நின்றன. ராஜா ஆனந்தக் கண்ணீரோடு ‘பரிகாத்த பெருந்தகை’ என்று பட்டம் கொடுத்தார். வேற்று நாட்டவர் அல்லவா, ஊமைப் பட்டம்தான். சங்கிலி வாயைத் திறந்து மூடினார்.

ஹாரூன் திரும்பிப் போகவில்லை. துறைமுகத்தில் தோணி கட்டுகிறவர் மகள் பாத்துமுத்துவைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆனால் பெண் வீட்டைவிட்டுப் போக மாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் மீன்காரியிலிருந்து பள்ளிவாசல் பெரியவர் வரை ஊரே ஹாரூனை ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடும். அவரும் பட்டத்தை மறந்துவிட்டு அந்தப் பேருக்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

இதையெல்லாம் பொறுக்காத ஆள் ஒருவர் இருந்தார். லாயத் தலைவர் வடமலையப்பர். குதிரைகள் நெய் தின்பதை நிறுத்தியும், அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து லாயத்துக்கு நெய்க்குடம் வருவது நிற்கவில்லை. நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, வடமலையப்பர் ஏன் சொல்லப் போகிறார்? அவர் வீட்டுத் தோசை நெய்யில் மிதந்தது. அவர் வீட்டுப் பூனை நடக்கச் சோம்பல்பட்டு உருண்டது. ஒருநாள் ஹாரூன் அந்தக் குடங்களைப் பார்த்துவிட்டு, “ஐயா, குதிரைக்குத்தான் நெய் கிடையாதே, இது யாருக்கு?” என்று வெள்ளையாகக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். இந்த ஆள் இருந்தால் என்றைக்காவது ராஜாவிடமும் இதே கேள்வியைக் கேட்பான் என்று வடமலையப்பர் கணக்குப் போட்டார். ஆளைக் கப்பல் ஏற்ற வழி தேடினார்.

வழி கிடைத்தது. போகிக்கு முதல் நாள், ஹாரூன் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வடமலையப்பரின் வேலையாள் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் நெய்ச் சோற்றுத் தட்டோடு நின்றான். “பரிகாத்த பெருந்தகையே, குதிரைக்கு இதைக் குடுக்கலாமா?” என்று கத்தினான். ஹாரூன் பதறித் திரும்பினார். அக்கம்பக்கத்தில் சாட்சி சொல்ல ஆட்களைத் தயாராக நிறுத்தியிருந்தார் வடமலையப்பர்.

போகியன்று சபை கூடியது.

“பிரபு, வேற்று நாட்டவர் ஒருவர் தம் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார். தங்கள் ஆணையைக் கடைத்தெருவில் வைத்து மீறினார். பொங்கல் முடிந்ததும் கப்பல் புறப்படுகிறது” என்றார் வடமலையப்பர்.

“கூப்பிட்டது யார்? சொல்லக் கூடாது என்றும் ஆணை இருக்கிறதே” என்றான் பிச்சாண்டி.

“அவனுக்கு அபராதம் போட்டாயிற்று. என் கையால் நானே கட்டிவிட்டேன்” என்றார் வடமலையப்பர். வேலையாள் மேல் அவ்வளவு பாசம்.

ராஜா ஹாரூனைப் பார்த்தார். “திரும்பியது உண்மையா?”

“உண்மைதான் பிரபு. ஆனால் நான் பட்டத்துக்குத் திரும்பவில்லை. நெய் வாசனைக்குத் திரும்பினேன்.”

சபை சிரித்தது. ராஜாவுக்கும் உதடு துடித்தது. வடமலையப்பர் மட்டும் சிரிக்கவில்லை. “எதற்குத் திரும்பினார் என்பது ஆணையில் இல்லை பிரபு. திரும்பினார் என்பது போதும்.”

“நான் வேற்று நாட்டவனா பிரபு?” என்றார் ஹாரூன். “என் வீடு இங்கே. என் மனைவி இந்த ஊர்ப் பெண். என் மகள் பேசுகிற முதல் பேச்சே இந்த ஊர்ப் பேச்சு.”

“பிறந்த மண் எதுவோ அதுவே ஒருவருடைய நாடு. எவ்வளவு காலம் எங்கே தங்கினாலும், யாரை மணந்தாலும் அது மாறாது” என்றார் வடமலையப்பர். சபைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். ராஜாவும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

பிச்சாண்டி முன்னால் வந்தான். “பிரபு, லாயத் தலைவர் சொன்ன விளக்கம்தான் ஆணைக்கு விளக்கமா?”

“ஆம்.”

“எல்லோருக்கும் பொருந்துமா?”

“ஆணை என்றால் எல்லோருக்கும்தான்” என்றார் ராஜா எரிச்சலோடு. குதிரைக்காரரை அனுப்ப அவருக்கு மனமில்லை, ஆனால் தண்டோரா போட்ட வார்த்தையை விழுங்கவும் முடியவில்லை. அந்தக் கோபம் பிச்சாண்டி மேல் திரும்பியது. “எப்போது பார்த்தாலும் குறுக்கே வந்து கேள்வி கேட்கிறாய். சரி, உனக்கு ஒரு வேலை தருகிறேன். என் ஆணையில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. ஹாரூனும் இந்த நாட்டைவிட்டுப் போகக் கூடாது. நாளைச் சபைக்குள் இதைச் செய்து காட்டு. முடியாவிட்டால் அதே கப்பலில் நீயும் ஏறிக்கொள்.”

“ஆணையை மாற்றுவதா? சிவ சிவா. அதை முழுக்க நடத்திக் காட்டுகிறேன் பிரபு, அது போதும்” என்று கும்பிட்டுவிட்டுப் போனான் பிச்சாண்டி.

சாயங்காலம் துறைமுகத்துக்குப் போனான். பாத்துமுத்து வாசலிலேயே நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அண்ணே, அவுக கப்பல்ல ஏறினா நானும் புள்ளையும் கூடவே ஏறிருவோம். அது எனக்குப் பெருசில்ல. ஆனா எங்க உம்மாவுக்குக் கண்ணு தெரியாது. இந்த வீட்டுப் பொண்ணு எவளும் வீட்டை விட்டுப் போனதில்ல. உம்மாவை யாரு கையில குடுத்துட்டுப் போவேன்?”

உள்ளே ஹாரூன் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அங்க போய் என்னன்னு சொல்றது பிச்சாண்டி அண்ணே? ராஜா பட்டம் குடுத்தாரு, நான் திரும்பிப் பார்த்தேன், துரத்திட்டாருன்னா எங்க ஆளுங்க சிரிக்க மாட்டாங்களா?”

அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டிய பிச்சாண்டி சிரிக்கவில்லை. குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, “நாளைக்குக் குடும்பத்தோட சபைக்கு வாங்க மாப்பிள்ளை. ஒண்ணே ஒண்ணு. யாரு பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க. இடி விழுந்தாலும் திரும்பாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அங்கிருந்து நேரே சங்கிலி வீடு. சங்கிலி அரண்மனையில் எல்லோரையும்விட ஆணைக்குப் பயந்தவர்.

“என்ன சங்கிலி, ஆணையை ஒழுங்கா நடத்துறியா?” என்றான் பிச்சாண்டி.

“ஏன், என் வாயில எப்பவாவது சத்தம் வந்துச்சா?”

“அதைச் சொல்லல. பொறந்த மண்ணுதான் நாடுன்னு ராஜாவே இன்னைக்கு ஒத்துக்கிட்டாரு, கேட்டியில்ல? நாளைக்குப் பொங்கல். ராணியம்மா சபைக்கு வர்ற நாளு. அவங்க எங்க பொறந்தாங்க?”

சங்கிலியின் முகம் வெளுத்தது. ராணி செங்கமலவல்லியார் மலைக்கு அந்தப் பக்கத்து ராஜாவின் மகள். அது ஊருக்கே தெரியும்.

“வேணாம் பிச்சாண்டி. தலை போயிரும்.”

“சத்தமா சொன்னா ஆணையை மீறினவன் நீ. வாயை மட்டும் திறந்தா ஆணைப்படி நடந்தவன் நீ. ஆணைப்படி நடந்தவன் தலை எங்கயாவது போயிருக்கா?” என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான். சங்கிலி அன்று சாப்பிடவில்லை. அவர் மனைவி மறுபடியும் கிராம்பைத் தேடினாள்.

மறுநாள் பொங்கல். சபை மண்டபத்தில் கரும்பும் மஞ்சள் கொத்தும் கட்டியிருந்தார்கள். ஓர் ஓரமாக ஹாரூன், பாத்துமுத்து, குழந்தை மூவரும் நின்றார்கள். வடமலையப்பர் புதுப் பட்டு உடுத்தி முன்வரிசையில் வீற்றிருந்தார். ராணி புதுச் சேலை சரசரக்க வாசலில் வந்து நின்றார். நின்று தம் பட்டங்களை முழுக்கக் கேட்டுவிட்டு உள்ளே வருவது அவர் வழக்கம். அவருக்குப் பட்டங்கள் அதிகம். ஒவ்வொரு பொங்கலுக்கும் ராஜா ஒன்று கூட்டுவார்.

சங்கிலி கோலைத் தூக்கினார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

ராணி காத்திருந்தார். சபை காத்திருந்தது. ராணியின் பட்டங்கள் நீளமாயிற்றே, சங்கிலியின் வாய் திறந்தபடியே இருந்தது. ஓர் ஈ வந்து உள்ளே போகலாமா என்று யோசித்துவிட்டுப் போனது. கடைசியில் சங்கிலி வாயை மூடி, கோலைக் கீழே ஊன்றி, தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார்.

“சங்கிலி, தொண்டை கட்டிக்கொண்டதா?” என்றார் ராணி.

“தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது... அம்மா. தாங்கள் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம்.”

ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்துவிட்டார். “இப்படிச் செய்ய உனக்கு யார் சொன்னது?”

“ஆணை சொன்னது பிரபு” என்றது தூணுக்குப் பின்னாலிருந்து குரல்.

எல்லோருடைய கண்ணும் பிச்சாண்டி மேல் திரும்பியது. அவன் கைகட்டி முன்னால் வந்தான். “சங்கிலி மேல் தவறு இல்லை பிரபு. பிறந்த மண்ணே நாடு, யாரை மணந்தாலும் மாறாது என்று நேற்று இந்தச் சபை ஒப்புக்கொண்டது. எல்லோருக்கும் பொருந்தும் என்று தாங்களே சொன்னீர்கள். ஒரே ஒரு சங்கடம்தான் மிச்சம். அம்மா, இன்று காலையில் தோழிகள் யாராவது ‘மகாராணி’ என்று கூப்பிட்டார்களா?”

“பின்னே, வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?”

“திரும்பிப் பார்த்தீர்களா?”

“பார்க்காமல்?”

பிச்சாண்டி பெருமூச்சு விட்டான். “அடடா. மலைக்குக் கப்பலும் போகாதே. பல்லக்குத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.”

ராணி மெல்ல ராஜா பக்கம் திரும்பினார். “நான் எந்தப் பல்லக்கில் ஏற வேண்டும், சொல்லுங்கள். பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, இப்படியே போகட்டுமா?” என்றார். குரல் தேனாக இருந்தது. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அந்தக் குரல் எவ்வளவு ஆபத்தானது என்று. ராஜாவின் நெற்றியில் வேர்த்துவிட்டது.

“வடமலையப்பரே, இது உம்முடைய விளக்கம். நீரே பதில் சொல்லும்” என்றார் ராஜா.

வடமலையப்பர் பதறி எழுந்தார். “பிரபு, அரசியார் விஷயம் வேறு. பெண் புகுந்த வீடே அவளுக்கு நாடு. திருமணம் ஆன அன்றே அரசியார் இந்த நாட்டவர் ஆகிவிட்டார்.”

“அப்படியானால் திருமணத்தால் நாடு மாறுமா?” என்றான் பிச்சாண்டி.

“பெண்ணுக்கு மாறும்” என்றார் வடமலையப்பர் அவசரமாக. ஹாரூன் பக்கம் கையை நீட்டினார். “ஆணுக்கு மாறாது. மாமனார் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டோடு மாப்பிள்ளைக்கு எந்த ஊர் சொந்தம்? அவன் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அப்படிப்பட்டவனுக்குப் பட்டம் கொடுத்ததே அதிகம்.”

பாத்துமுத்து தலையைக் குனிந்துகொண்டாள். ஹாரூன் மகளின் காதைப் பொத்தினார்.

பிச்சாண்டி கோபப்படவில்லை. “நல்லது. சபைக்கு இப்போது தெளிவாகிவிட்டது. சங்கிலி, இன்று மகாராஜாவின் வம்சாவளியை நீ இன்னும் முழங்கவில்லையே. அதை முடித்துவிடு. புது விளக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொள்” என்றான்.

சங்கிலி தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். கோலைத் தூக்கினார். ராஜாவின் பாட்டனாருக்கு மாமனாரின் பெயரை இடிபோல முழங்கினார். அடுத்தது பாட்டனார்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

சபை அப்படியே உறைந்தது. அந்தக் கதை பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. அந்தக் காலத்து ராஜாவுக்கு ஒரே மகள். மகளை வெளியே அனுப்ப மனமில்லாமல் மலை நாட்டிலிருந்து ஓர் இளவரசரைக் கூட்டிவந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்துக்கொண்டார். அவர்தான் பிறகு சிம்மாசனம் ஏறினார். அவருடைய பேரன்தான் நம் அளகேசர்.

ராஜாவின் முகம் சிவந்தது. கொஞ்சம் எல்லை தாண்டிவிட்டோமோ என்று பிச்சாண்டியே கப்பலை நினைத்துக்கொண்டான்.

அந்த அமைதியில் ராணி களுக்கென்று சிரித்தார். “அவர் எங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே. வீட்டோடு மாப்பிள்ளை வேண்டும் என்று இந்த நாட்டிலிருந்து கேட்டு வந்தபோது, கடல் காற்று ஒத்துக்கொள்ளாது என்று எங்கள் இளவரசர்கள் எல்லோரும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டார்களாம். இவர் மட்டும் மீன் குழம்பு கிடைக்குமா என்று கேட்டாராம். கிடைக்கும் என்றதும் கிளம்பிவிட்டாராம். எங்கள் அரண்மனையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.”

ராஜாவுக்கு உதடு துடிக்கத் தொடங்கியது. ஆனாலும் அடக்கிக்கொண்டு வடமலையப்பரைப் பார்த்தார். “பாட்டனார் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அப்படியென்றால் அவருடைய பேரன் நான் எந்த நாட்டவன்? சொல்லும்.”

வடமலையப்பர் மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். வேற்று நாட்டவர் என்றால் தலை போகும், இந்த நாட்டவர் என்றால் ஹாரூனும் இருந்துவிடுவார். வாய் திறந்தபடியே நின்றது.

“சங்கிலி, நன்றாகப் பார்த்துக்கொள். உன்னைவிட அழகாகச் செய்கிறார்” என்றான் பிச்சாண்டி.

அவ்வளவுதான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கிரீடம் சரிந்து காதில் தொங்கியது. ராணி அதை எடுத்து நேராக வைத்தார். ராஜா சிரித்தால் சபை சும்மா இருக்குமா? மண்டபத்தில் கட்டியிருந்த கரும்பு ஆடுகிற அளவுக்குச் சிரித்தது.

சிரித்து ஓய்ந்ததும் ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “என் ஆணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வேற்று நாட்டவருக்கு ஊமைப் பட்டம்தான். ஆனால் இங்கே குடும்பம் வைத்து, இங்கேயே வாழ்கிறவர் எங்கே பிறந்திருந்தாலும் வேற்று நாட்டவர் இல்லை. என் பாட்டனாரும் இல்லை, என் ராணியும் இல்லை, ஹாரூனும் இல்லை. சங்கிலி, அவருடைய பட்டத்தை வாய்விட்டுச் சொல். இத்தனை நாள் சேர்த்து வைத்த சத்தத்தையெல்லாம் போட்டுச் சொல்.”

“பரிகாத்த பெருந்தகை ஹாரூன்” என்று சங்கிலி முழங்கினார். மண்டபம் அதிர்ந்தது.

ஹாரூன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி தூண்போல நின்றார்.

மறுபடியும் முழங்கினார். ஹாரூன் கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். குழந்தை அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. மனிதர் அசைந்தால்தானே? பிச்சாண்டி தலையில் அடித்துக்கொண்டு, “பிரபு, இடி விழுந்தாலும் திரும்பாதே என்று நான்தான் சொல்லி வைத்தேன். அவர் இனிமேல் எந்தப் பட்டத்துக்கும் திரும்ப மாட்டார் போலிருக்கிறது” என்றான்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். ஹாரூனுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக, “மாப்பிள்ளை” என்று கூப்பிட்டார்.

ஹாரூன் திரும்பிவிட்டார். திரும்பியபோது கண்ணில் நீர் நின்றது. பாத்துமுத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது. ராஜா தம் கழுத்து மாலையைக் கழற்றிக் குழந்தைக்குப் போட்டார். அது குழந்தையின் கால் வரை தொங்கியது.

பிறகு ராஜா பிச்சாண்டியைப் பார்த்தார். “நீ சபையில் என்னை நன்றாக அவமானப்படுத்தினாய். அதற்கு உனக்கு என்ன வெகுமதி வேண்டும்? பட்டம் என்று மட்டும் கேட்காதே, எனக்கு இன்று அலுத்துவிட்டது.”

“எனக்கு வேறு ஆசை இல்லை பிரபு. லாயத்துக் குதிரைகள் நெய் தின்பதை எப்போதோ விட்டுவிட்டன. ஆனால் நெய்க்குடம் மட்டும் இன்னும் லாயத்துக்குப் போகிறது. அதைத் தின்கிற குதிரை எதுவென்று கண்டுபிடித்து, அதன் பங்கை எனக்குக் கொடுத்தால் போதும். என் வீட்டுப் பொங்கலுக்கு நெய் குறைவு.”

சபை முழுக்க ஒரே திசையில் பார்த்தது. வடமலையப்பர் பட்டுத் துணியை இழுத்துத் தொப்பையை மூடப் பார்த்தார், பட்டு போதவில்லை.

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் வடமலையப்பர் தலை தப்பியது, கோபம் வந்திருந்தால் கதை வேறு. “நெய் இனிமேல் பிச்சாண்டி வீட்டுக்குப் போகட்டும். லாயத்தை ஹாரூன் பார்த்துக்கொள்ளட்டும். வடமலையப்பர் நம் பழைய ஊழியர், அவரையும் நாம் மறக்கக் கூடாது. ‘பரிநெய் உண்ட பெருந்தகை’ என்று அவருக்கு ஒரு பட்டம் கொடுக்கிறேன். அவர் மானம் போகக் கூடாது பாருங்கள், அதனால் ஊமைப் பட்டமாகக் கொடுக்கிறேன்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வடமலையப்பர் சபைக்குள் நுழையும்போது சங்கிலி கோலைத் தூக்குவார், மூச்சை இழுப்பார், வாயைத் திறப்பார். சத்தம் வராது. ராஜா தாடியைத் தடவுகிற மாதிரி சிரிப்பை மறைத்துக்கொள்வார். அந்த நாட்டில் இடிபோல முழங்கிய பட்டங்கள் எத்தனையோ இருந்தன, எல்லாம் காற்றோடு போயின. சங்கிலி ஒரு தடவைகூட வாய்விட்டு முழங்காத அந்த ஒரு பட்டம்தான் சின்னக் குழந்தைக்கும் மனப்பாடம்.